வீட்டில் செய்யும் லேசர் கட்டிங் மெஷின்: வாட்டைக் கேட்கும் முன் அலைநீளத்தைக் கேளுங்கள்

ஆன்லைன் கடைகளில் "40 வாட் லேசர்" என்று தேடினால் இரண்டு பொருட்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு மாட்யூல். மேலே சின்ன ஃபேன், அடியில் லென்ஸ். இன்னொன்று, சுமார் 70 செ.மீ. நீளமுள்ள கண்ணாடிக் குழாய். இரண்டிலும் 40 வாட் என்றுதான் எழுதியிருக்கும். முதலாவது, 3 மி.மீ. தெளிவான அக்ரிலிக் ஷீட்டில் ஒரு கீறல்கூடப் போடாது. இரண்டாவது, அதே ஷீட்டை ஒரே ஓட்டத்தில் அறுத்துவிடும். மெஷினைச் சொந்தமாகச் செய்ய இறங்குபவர்கள் முதலில் குழம்புவதும் பணத்தை விடுவதும் இந்த இடத்தில்தான். லேசரின் அலைநீளத்தைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பெரும்பாலானவை தாமாகவே அவிழ்ந்துவிடும்.

## லேசர் எப்படி வெட்டுகிறது

40 வாட் ஒன்றும் பெரிய சக்தி இல்லை. பழைய குண்டு பல்பு ஒன்றுக்கே அதைவிட அதிகம் போகும். வித்தியாசம், அந்தச் சக்தி எவ்வளவு சின்ன இடத்தில் விழுகிறது என்பதில் இருக்கிறது. கார்பன் டை ஆக்ஸைடு லேசரின் 6 மி.மீ. அகலக் கதிரை, 50.8 மி.மீ. குவியத்தூரம் கொண்ட லென்ஸால் குவித்தால், கணக்குப்படி சுமார் 0.11 மி.மீ. விட்டமுள்ள புள்ளி கிடைக்கும். 40 வாட்டும் அதற்குள் இறங்கினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 4,000 வாட் என்று ஆகிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மில்லிமீட்டரில் விழுவது 0.001 வாட். அதாவது நாற்பது லட்சம் மடங்கு.

அந்தப் புள்ளியில் அக்ரிலிக் உருகி ஆவியாகிறது; மரம் கருகிப் புகையாகிறது. புள்ளி நகரும் வழியில் ஒரு மெல்லிய பள்ளம் விழுகிறது. இதற்குக் கெர்ஃப் என்று பெயர். சாதாரணமாக 0.1 முதல் 0.2 மி.மீ. அகலம் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று சொருகும் பெட்டி செய்பவர்கள் இந்த அகலத்தை வரைபடத்தில் ஈடுகட்டாவிட்டால், பலகைகள் தொளதொளவென்று ஆடும்.

குவியத்துக்கு ஆழமும் உண்டு. மேலே சொன்ன லென்ஸில் கூர்மையான பகுதி, மேலே ஒரு மி.மீ., கீழே ஒரு மி.மீ., அவ்வளவுதான். மழைக்காலத்தில் வளைந்துபோன பிளைவுட்டை அப்படியே படுக்க வைத்தால் ஒரு மூலையில் வெட்டும், எதிர் மூலையில் கருக்கும். லேசர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பலகையைக் காந்தம் வைத்து அழுத்திப் பிடித்தாலே சரியாகிவிடும்.

இவ்வளவும் நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. விழும் ஒளியைப் பொருள் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாமல் உள்ளே விட்டாலோ திருப்பி அனுப்பினாலோ எத்தனை வாட் இருந்தும் பயனில்லை.

## மூன்று அலைநீளங்கள், மூன்று மெஷின்கள்

1. நீல டயோடு (மின்சாரத்தை ஒளியாக்கும் சின்னச் சில்லு), 445 முதல் 455 நானோமீட்டர் வரை. கண்ணுக்குத் தெரியும் ஒளி. 2010 வாக்கில் காசியோ நிறுவனத்தின் ப்ரொஜெக்டர்களில் இந்த டயோடுகள் வந்தன. ஒரு ப்ரொஜெக்டருக்குள் 24 டயோடுகள். அவற்றைக் கழற்றி எடுப்பதற்காகவே ப்ரொஜெக்டரைப் பிரித்தவர்கள் உண்டு. வீட்டு லேசர் என்பது டிவிடி ரைட்டரிலிருந்து எடுத்த சிவப்பு டயோடில் காகிதத்தைக் கருக்கும் விளையாட்டாக இருந்த நிலை அதற்குப் பிறகுதான் மாறியது. மரம், அட்டை, தோல், கறுப்பு அக்ரிலிக் எல்லாம் நீலத்தை உறிஞ்சும். தெளிவான அக்ரிலிக்கும் கண்ணாடியும் அப்படியே உள்ளே விட்டுவிடும். தொடக்கத்தில் சொன்ன கறுப்பு மாட்யூல் தோற்பது இதனால்தான்.

2. கார்பன் டை ஆக்ஸைடு, 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது. தொடக்கத்தில் சொன்ன கண்ணாடிக் குழாய் இதுதான். அதற்குள் கார்பன் டை ஆக்ஸைடோடு நைட்ரஜனும் ஹீலியமும் இருக்கும். மின்பாய்ச்சலில் கிளர்ந்த நைட்ரஜன் தன் ஆற்றலைக் கார்பன் டை ஆக்ஸைடுக்குக் கைமாற்றுகிறது. ஹீலியம் சூட்டை வெளியே கடத்துகிறது. மரம், அக்ரிலிக், தோல், துணி, காகிதம் எல்லாமே இந்த அலைநீளத்தை உறிஞ்சும், தெளிவான அக்ரிலிக் உட்பட. வெறும் உலோகம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

3. ஃபைபர், சுமார் 1,064 நானோமீட்டர். உலோகத்துக்கானது. குறைந்த சக்தியில் பெயர் பொறிக்கலாம். இரும்புத் தகடை வெட்ட வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான வாட்டும், கூடவே ஆக்ஸிஜனோ நைட்ரஜனோ பீய்ச்சும் ஏற்பாடும் வேண்டும். வீட்டுக்கான வேலை இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

எனவே முதலில் தீர்மானிக்க வேண்டியது எதை வெட்டப் போகிறோம் என்பது. மரமும் அட்டையும் போதுமா, டயோடு. பெயர்ப்பலகைக்கான அக்ரிலிக் வேண்டுமா, கண்ணாடிக் குழாய். இரண்டுக்கும் ஒரே மெஷின் என்று நடுவில் நிற்க முயல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

## எந்த வாட்?

டயோடு விற்பவர்கள் பெட்டியில் போடுவது பல சமயம் மாட்யூல் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வெளியே வரும் ஒளியின் அளவு அல்ல. நீல டயோடு தனக்குள் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் ஒளியாக்கும். மீதி சூடு, அதற்காகத்தான் அந்த அலுமினியக் கட்டியும் ஃபேனும். இப்படி "20 வாட்" என்று விற்ற பல மாட்யூல்களில் உண்மையான ஒளி 5 வாட் சுற்றித்தான் இருந்தது. 10, 20 வாட் ஒளி தரும் மாட்யூல்களும் இப்போது உண்டு. அவற்றில் பல டயோடுகளின் கதிர்களை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். விவரப் பட்டியலில் "ஆப்டிகல் அவுட்புட்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலே பெரிதாகப் போட்ட எண்ணை நம்ப வேண்டாம்.

குழாய்களில் வேறு மாதிரி. அங்கே போடுவது ஒளியின் வாட்தான், ஆனால் உச்சத்தில் தட்டிப் பார்த்த அளவாக இருக்கும். 70 செ.மீ. குழாயை நாள்பட ஓட்ட வேண்டுமென்றால் 30 முதல் 35 வாட் என்று வைத்துக்கொள்வது நல்லது. 18 மில்லி ஆம்பியருக்கு மேல் ஏற்றினால் வெட்டு கொஞ்சம் வேகமாகும். ஆயுள் அதைவிட வேகமாகக் குறையும். அதனால் ஒரு அனலாக் ஆம்ப் மீட்டரைக் கட்டாயம் போட வேண்டும். டிஜிட்டல் திரையில் காட்டும் சதவீதத்தை வைத்துக் குழாயில் உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று சொல்ல முடியாது.

## பிரேம், மோட்டார், போர்டு

இது எளிய பகுதி. 3டி பிரிண்டர் பரவியதில் எல்லாச் சாமானும் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ சல்லிசாகக் கிடைக்கிறது. லேசர் பொருளைத் தொடுவதில்லை, எனவே சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் சி.என்.சி. ரவுட்டர் போலக் கனத்த உடம்பு தேவையில்லை. அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் சட்டம், நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார்கள், ஜிடி2 பெல்ட். சட்டத்தைப் பூட்டியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாக இல்லையென்றால் வட்டம் முட்டையாக வரும்.

மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்) வைக்கும். மோட்டாரை இயக்கும் டிரைவரில் ஒவ்வொரு அடியையும் பதினாறாகப் பிரிக்கும் 16 மைக்ரோஸ்டெப் வைத்தால் 3,200. 20 பல் புல்லியில் 2 மி.மீ. இடைவெளி பெல்ட் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும். 3,200ஐ 40ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 80 அடி. ஃபர்ம்வேரில், அதாவது போர்டுக்குள் ஓடும் நிரலில், போட வேண்டிய எண் இதுதான்.

ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற இலவச ஃபர்ம்வேர் 2009 முதல் இருக்கிறது. அதன் 1.1 பதிப்பில் லேசருக்கெனத் தனி முறை உண்டு; $32=1 என்று போட்டால் இயங்கும். இதோடு லேசரை எரியவிடும் எம்3 கட்டளைக்குப் பதில் எம்4 பயன்படுத்த வேண்டும். மூலை திரும்பும்போது லேசரைச் சுமந்து நகரும் தலையின் வேகம் குறையும். எம்3ல் லேசர் அதே சக்தியில் எரிந்துகொண்டிருக்கும், மூலை கருகும். எம்4ல் வேகத்தோடு சேர்ந்து சக்தியும் குறையும், தலை நின்றால் லேசரும் அணையும்.

வயரிங்கில் பலர் தவறவிடும் ஒன்று: ஆர்டுயினோவுக்குக் கரன்ட் வந்ததும் முதல் சில கணங்களுக்கு அதன் பின்கள் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கும். சில லேசர் டிரைவர்கள் இதை "எரி" என்று எடுத்துக்கொள்ளும். லேசரைக் கட்டுப்படுத்தும் 11ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் பின் கீழேயே இருக்கும்.

படம் பொறிக்கும்போது மெஷின் திக்கித்திக்கி ஓடினால் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். 1,15,200 பாட் என்ற தகவல் வேகத்தில் யுஎஸ்பி வழியாக நொடிக்கு 11,520 எழுத்துதான் போகும். ஒரு புள்ளிக்குப் பத்து எழுத்து என்றால் நொடிக்குச் சுமார் 1,150 புள்ளி, புள்ளி 0.1 மி.மீ. என்றால் நொடிக்கு 115 மி.மீ. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால், வரியாக அனுப்பாமல் மெமரி கார்டிலிருந்தே ஓட்டும் 32 பிட் போர்டுக்குப் போக வேண்டும்.

## கண்ணாடிக் குழாய் எடுத்தால்

டயோடு மெஷின் 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும். குழாய் அப்படி இல்லை. பற்ற வைக்கவே 15,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஓடும்போது பல ஆயிரம் வோல்ட்டில் 18 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்லப் போதுமான அளவு. சுவிட்சை அணைத்த பிறகும் பவர் சப்ளைக்குள் சார்ஜ் தங்கியிருக்கும். மின்வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர் இந்தப் பகுதியைத் தானே செய்யக் கூடாது.

எர்த். பிளக்கில் மூன்று பின் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பது சகஜம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் மல்டிமீட்டர் 230 வோல்ட் சுற்றிக் காட்ட வேண்டும். எங்கோ நடுவில் ஆடினால் எர்த் இல்லை என்று பொருள். சரியாகக் காட்டினாலும் எலக்ட்ரீஷியனை வைத்து உறுதி செய்த பிறகே குழாயை இணைக்க வேண்டும்.

தண்ணீர். குழாய்க்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. அதை எடுக்கக் குழாயின் உறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். போர் தண்ணீர் கூடாது. உப்பு இருப்பதால் உள்ளே படிவது ஒருபுறம், உயர் மின்னழுத்தம் தண்ணீர் வழியாகத் தொட்டிவரை கசிவது மறுபுறம். டிஸ்டில்டு வாட்டர்தான். தண்ணீர் வெளியேறும் முனை மேல் நோக்கி இருக்கட்டும். முனையில் காற்றுக் குமிழி தங்கினால் அந்த இடம் மட்டும் சூடாகிக் கண்ணாடி விரிசல் விடும். பம்ப் நின்றால் லேசரும் நிற்கும்படி ஒரு ஃப்ளோ சென்சர் போடுங்கள்.

வெப்பநிலையில் நம் ஊருக்கென்று தனிச் சிக்கல் உண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகள் தண்ணீரை 15 முதல் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லும். மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரி. தண்ணீரைக் குளிர்விக்க என்று விற்கும் சி.டபிள்யூ. 3000 போன்ற சில்லர்கள் பெயரில் மட்டுமே சில்லர். உள்ளே இருப்பது ரேடியேட்டரும் ஃபேனும். அறைச் சூட்டுக்குக் கீழே அவற்றால் இறக்க முடியாது. கம்ப்ரஸர் உள்ள 5000 வகைதான் இறக்கும். சரி, 15க்கு இறக்கிவிட்டால் ஆயிற்று என்று பார்த்தால் அதிலும் வம்பு. கடலோரத்துப் புழுக்கத்தில் 25 டிகிரி சுற்றியே காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும். ஐஸ் தண்ணீர் டம்ளர் போலக் குழாய் வியர்க்கும். அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் வெளியே பாயும். ஆகவே ஏ.சி. இல்லாத அறையில் 25, 26 டிகிரியில் நிறுத்துவதே புத்திசாலித்தனம். ஏ.சி. அறையில் ஈரம் குறைவு; அங்கே இன்னும் இறக்கலாம்.

கண்ணாடி ஒழுங்கு. குழாயிலிருந்து வரும் கதிர் மூன்று ஆடிகளில் பட்டுத் திரும்பி லென்ஸுக்கு வருகிறது. ஒவ்வொன்றையும் சரிசெய்யும் வழி இது:

1. அடுத்த ஆடியின் முன் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தலையைக் குழாய்க்கு மிக அருகில் கொண்டுவந்து ஒரு கண நேரம் மட்டும் லேசரைத் தட்டுங்கள். டேப்பில் ஒரு கரும்புள்ளி விழும்.
2. டேப்பை எடுக்காமல் தலையை மிகத் தொலைவுக்குத் தள்ளி இன்னொரு முறை தட்டுங்கள்.
3. இரண்டு புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை முந்தைய ஆடியின் திருகுகளைத் திருப்புங்கள்.

இந்தக் கட்டத்தில் புள்ளியை ஆடியின் நடுவுக்குக் கொண்டுவரப் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக விழுந்தால் கதிர் தண்டவாளத்துக்கு இணையாகப் போகிறது என்று அர்த்தம். நடுவுக்குக் கொண்டுவருவதற்கு ஆடியை அல்லது குழாயை மொத்தமாக நகர்த்த வேண்டும், திருகால் சாய்க்கக் கூடாது. மூடியைத் திறந்து வைத்துச் செய்யும் ஒரே வேலை இது என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

## கண், புகை, தீ

அரை வாட்டுக்கு மேற்பட்ட எந்த லேசரும் நான்காம் வகுப்பு, இருப்பதிலேயே ஆபத்தானது. இங்கும் அலைநீளம்தான் பேசுகிறது. நீல ஒளி கண்மணி வழியாக உள்ளே போய் விழித்திரையில் குவியும். கண் சிமிட்டக் கால் நொடி ஆகும். 5 வாட்டுக்கு அந்த நேரம் எதேஷ்டம். மரத்தில் பட்டுச் சிதறும் ஒளியைக்கூட வெறும் கண்ணால் கிட்டத்தில் பார்க்கக் கூடாது. அகச்சிவப்புக் கதிர் கண்ணின் முன்பரப்பான கருவிழிப் படலத்திலேயே நின்று அதைச் சுடும்.

எனவே ஒன்றுக்குச் சரியான மூடி இன்னொன்றுக்கு உதவாது. தெளிவான அக்ரிலிக் ஜன்னல் 10,600 நானோமீட்டரைத் தடுத்துவிடும். நீலத்துக்கு அது திறந்த வாசல். நீலத்துக்கு ஆரஞ்சு நிற வடிகட்டி வேண்டும், அதுவும் வெறும் நிறம் போதாது. கண்ணாடியின் மேல் எந்த அலைநீளத்துக்கு எத்தனை ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் திறனின் அளவு) என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஓ.டி. 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே வரும். 5 வாட் 0.05 மில்லிவாட்டாகக் குறையும். மெஷினோடு இலவசமாக வரும் பச்சைக் கண்ணாடியில் எந்த எண்ணும் இல்லையென்றால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

கண்ணாடி மாட்டியவருக்கு மட்டும்தான் அது காவல். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் திறந்த பிரேம் மெஷின் சரிவராது. முழுக்க மூடிய பெட்டி, கதவைத் திறந்ததும் லேசரை அணைக்கும் மைக்ரோ சுவிட்ச், இரண்டும் வேண்டும். அந்தச் சுவிட்சை ஆர்டுயினோவுக்குக் கொடுத்து நிரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல், லேசர் பவர் சப்ளையின் அனுமதி வயரிலேயே நேரடியாகக் கோர்த்துவிடுங்கள். நிரல் உறைந்தாலும் சுவிட்ச் வேலை செய்யும்.

புகையை எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துக் குழாய் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். எம்.டி.எஃப். பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். ஆனால் உண்மையான எதிரி பி.வி.சி.தான். சூடு பட்டதும் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். நுரையீரலுக்கும் கேடு, மெஷினின் ஒவ்வொரு இரும்புப் பாகமும் துருப்பிடிக்கும். பிளம்பிங் குழாயை யாரும் வெட்டப் போவதில்லை. ஏமாற்றுவது வேறு பெயரில் வருபவை: ரெக்சின், ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர் வினைல், பெயர்ப்பலகைக் கடைகள் சன்போர்டு என்று தரும் ஃபோம் ஷீட். சந்தேகம் வந்தால் செம்புக் கம்பியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, அந்தப் பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது. ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தீயைத் தவிர்க்க வெட்டும் இடத்தில் காற்று ஊதுவது பெரிய உதவி. மீன்தொட்டிப் பம்ப் அளவுக் காற்றே சுடரை அடக்கும், லென்ஸில் புகை படியாமலும் காக்கும். அதற்காக மெஷினை ஓட விட்டுக் காபி போடப் போகலாம் என்று இல்லை. அக்ரிலிக் பற்றிக்கொண்டால் சொட்டுச் சொட்டாக எரிந்து கீழே பரவும். கை எட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

## செய்வதா, வாங்குவதா, வெளியில் கொடுப்பதா

மாதத்துக்கு நாலு பெட்டி, இரண்டு பெயர்ப்பலகை என்றால் மெஷினே வேண்டாம். பெயர்ப்பலகைக் கடைகள் பலவும் நிமிடக் கணக்கில் கூலிக்கு வெட்டித் தருகின்றன. டி.எக்ஸ்.எஃப். என்ற வரைபடக் கோப்பில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று இரட்டிக்காமல் கொடுத்தால் போதும். இரட்டித்தால் ஒரே கோட்டை இரண்டு முறை வெட்டி இரண்டு மடங்கு காசு வாங்குவார்கள்.

டயோடு மெஷினைப் பொறுத்தவரை, கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் பிரேமை நீங்களே செய்யலாம். பணம் மிச்சம் ஆகும் என்று மட்டும் கணக்குப் போட்டால் தொகுப்பாக வருவதே மலிவு. கையிருப்புப் பணத்தை மூடிய பெட்டிக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் மெஷின் வேண்டுவோருக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. கே40 என்று உலகம் முழுக்க அறியப்படும் சின்னச் சீன மெஷினைப் பழையதாக வாங்கி, உடம்பை வைத்துக்கொண்டு போர்டையும் பாதுகாப்பையும் மாற்றுவது. 300க்கு 200 மி.மீ. வெட்டும் இடம் கிடைக்கும். உயர் மின்னழுத்தப் பகுதி ஏற்கெனவே பெட்டிக்குள் அமைந்திருப்பது பெரிய நிம்மதி. வாங்கும்போது குழாயில் ஒட்டியுள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஓட்டாமல் வைத்திருந்தாலும் ஹீலியம் மெல்லக் கசியும் என்பதால், "பேக் பிரிக்காத மெஷின்" என்பது பெருமைக்குரிய விஷயம் இல்லை. எர்த் வயர் பெயின்ட் பூசிய தகட்டின் மேல் திருகியிருந்தால், பெயின்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் பூட்ட வேண்டும். மூடியில் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அடிப்படை மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.